கடலோர இயற்கை மையத்துக்கு மறுபடியும் போகிறோம்: இந்த முறை எதைப் பார்ப்பது?

வெண்மணல்:
போன விடுமுறையில் ஒன்பது வயது மகளை ஒரு கடலோர இயற்கை மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பயணம் இரண்டு மணி நேரம், உள்ளே இருந்தது நாற்பது நிமிடம். பலகையில் இருந்த பெயரை நான் வாசிப்பேன், அவள் ‘ம்’ என்பாள், அடுத்த தொட்டிக்கு நகர்வோம். தொட்டுப் பார்க்கும் தொட்டியில் ஒரு நட்சத்திர மீன் பாறையோடு பாறையாகக் கிடந்தது. “அப்பா, இது நிஜமா, பிளாஸ்டிக்கா?” என்றாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பணியாளரிடம் கேட்கலாம் என்று திரும்பினால் அவர் கைபேசியில் மூழ்கியிருந்தார். அன்று அவளுக்கு மிகவும் பிடித்தது கழிவறைக்கு வெளியே இருந்த தண்ணீர்க் குழாய்தான். அழுத்தினால் பீறிட்டு அடித்தது.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். ஆச்சரியம் என்னவென்றால், போகலாம் என்று கேட்டது அவளேதான். பள்ளியில் கடல் பாடம் நடக்கிறது. எனக்கோ கடல் உயிரினங்கள் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதாவது புத்தகம் படித்துவிட்டுப் போக வேண்டுமா? எந்த நேரத்தில் போவது நல்லது? மையத்தை ஒட்டிப் பாறைக் கரை இருக்கிறது. அங்கே அவளை இறக்கலாமா?

நீர்க்காகம்:
நேரம் பற்றி மட்டும் சொல்கிறேன். மையம் எப்போது திறக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் கீழே இறங்கும். மற்ற நாட்களில் மூழ்கியே கிடக்கும் பாறைகள் அப்போதுதான் வெளியே தெரியும்.

முழுவதும் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் பின்வாங்கப் பின்வாங்கக் கூடவே போங்கள். ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று இருந்து நான் ஒருமுறை இடுப்பு வரை நனைந்து திரும்பியிருக்கிறேன். பாசி படிந்த பாறையில் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். அலைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடி வைத்துவிட்டு வாருங்கள். அடியில் ஈரத்தில் இருந்தவை வெயிலில் கிடந்து செத்துப்போகும். இதைச் சொல்லாமல் இந்த மாதிரிக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதே இல்லை.

கொட்டலசு:
தொட்டுப் பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு ஆண்டுகள் வார இறுதிகளில் தன்னார்வலராக நின்றவள் நான். கைபேசி பார்த்தது நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: இதன் வாய் எங்கே இருக்கிறது?

பெயரைக் கேட்டால் பலகை பதில் சொல்லிவிடும், கதை அங்கேயே முடிந்துவிடும். வாயைக் கேட்டால் குனிய வேண்டும், சுற்றி வர வேண்டும், காத்திருக்க வேண்டும். பெயரை வாசிப்பவர்கள் ஒரு தொட்டியில் பத்து விநாடிக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. வாயைத் தேடும் குழந்தைகளை அப்பா அம்மா வந்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

உங்கள் ‘பிளாஸ்டிக்’ நட்சத்திர மீனையே எடுத்துக்கொள்வோம். அதன் வாய் அடிப்பக்கத்தின் நடுவில் இருக்கிறது. அதற்காகத் தூக்கிப் புரட்டாதீர்கள். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு கையிலும் வரிசை வரிசையாகச் சிறு குழாய்க்கால்கள் நீண்டும் சுருங்கியும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மேலே பிணம் மாதிரிக் கிடப்பது கீழே நூற்றுக்கணக்கான காலோடு நடக்கிறது! அந்தக் கால்களை நீட்டுவது உடலுக்குள் ஓடும் நீரின் அழுத்தம். மட்டி கிடைத்தால் மேலே கவிழ்ந்து, அதன் இரண்டு ஓடுகளையும் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், தன் இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளி, மட்டியின் ஓட்டுக்குள் நுழைத்து, அங்கேயே செரித்துவிடும். இதைச் சொன்னதும் முகம் சுளித்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லாத குழந்தையை நான் பார்க்கவில்லை. உணவு போடும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து என் புனைபெயருக்குரியவர். பாறையில் வெள்ளைச் சொரசொரப்பாக, காலைக் கீறுமே, அதுதான் கொட்டலசு. சிப்பி இனம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1830இல் ஜான் வாகன் தாம்ப்சன் அதன் நீந்தும் குஞ்சுகளைக் கவனித்துச் சொன்ன பிறகுதான் அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்று தெரிந்தது. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். இடம் பிடித்ததும் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் தலைகீழாகவே இருந்து காலால் உணவை வாய்க்குத் தள்ளும். தண்ணீருக்கு வெளியே மூடிக்கொண்டு கல் மாதிரி இருக்கும். மூழ்கிய குட்டையில் பாருங்கள், மேல்மூடி திறந்து இறகு மாதிரிக் கால்கள் வெளியே வந்து வந்து வாரும்.

பூ மாதிரி விரிந்திருக்கும் பிராணி கடல் சாமந்தி. அதற்கு வாயும் கழிவு வழியும் ஒன்றேதான். ஒரே வாசல். விரலை வைத்தால் பசை மாதிரி ஒட்டும், ஆனால் அது பசை இல்லை. கண்ணுக்குத் தெரியாத கொட்டும் இழைகள் உங்கள் மேல் பாய்கின்றன. விரல்தோல் தடிப்பாக இருப்பதால் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. மையத்தில் அனுமதித்ததை மட்டும் தொடவிடுங்கள், தொட்ட கையைக் கண்ணில் வைக்க வேண்டாம்.

கடல் அட்டையிடம் வந்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்: எதன் வழியாக மூச்சு விடுகிறது? பின்பக்கம் வழியாக. ஆசனவாயால் நீரை உள்ளே இழுத்து வெளியே விடும். அதற்குமேல் ஒன்பது வயதுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாறைக் கரைக்கு இறங்கும்போது ஒன்று மட்டும் சொல்லி அழைத்துப் போங்கள். ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1963இல் வாஷிங்டன் மாநிலக் கரையில், குறிப்பிட்ட ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களையெல்லாம் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தார். திரும்ப வந்தவற்றையும் விடாமல் எறிந்துகொண்டே இருந்தார். தின்ன ஆள் இல்லாததால் மட்டிகள் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த பாறையில் 8தான் மிஞ்சின. ஒரு கட்டட வளைவின் உச்சிக் கல்லை உருவியதுபோல. 1969இல் அந்தக் கல்லின் பெயரையே எடுத்து ‘கீஸ்டோன்’ இனம் என்றார். உங்கள் மகள் பிளாஸ்டிக்கா என்று கேட்டதே, அதே சோம்பேறிதான் அந்தக் கல்.

கை நனைத்துவிட்டுத் தொட வேண்டும், இரண்டு விரலால் மெதுவாக. கையில் வெயில் களிம்போ கிருமிநாசினியோ இருந்தால் முதலில் கழுவிவிடுங்கள், அது தொட்டி நீரில் கலக்கும். ஒட்டியிருக்கும் நட்சத்திர மீனைப் பிடித்து இழுத்தால் குழாய்க்கால்கள் அறுந்துபோகும்.

ஈரப்பாதம்:
எல்லாம் சரி. ஆனால் அந்தத் தொட்டியே எதற்கு? நாளெல்லாம் நூறு கைகள் தடவும் ஒரு பிராணியிடம் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? கடல் என்றால் தடவிப் பார்க்கும் சாமான் என்றுதானே?

கொட்டலசு:
நியாயமான கேள்வி, நானும் கேட்டுக்கொண்டதுதான். நான் நின்ற இடத்தில் உயிரினங்களை முறைவைத்துப் பின்தொட்டிக்கு மாற்றி ஓய்வு கொடுப்போம். கூட்டம் மிஞ்சினால் தொட்டியை மூடிவிடுவோம், திட்டு வாங்குவோம். அப்படிச் செய்யாத இடத்தில் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள் என்பேன். வாயைத் தேடத் தொட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

வெண்மணல்:
போய்விட்டு வந்தோம். உள்ளே இரண்டரை மணி நேரம், கரையில் ஒன்றரை மணி நேரம். என் கால்தான் வலிக்கிறது.

கண்ணாடியில் ஒட்டிய நட்சத்திர மீன் கிடைத்தது. அவள் தரையில் முழங்காலிட்டு மூக்கை ஒட்டி வைத்துக் குழாய்க்கால்களை எண்ணத் தொடங்கினாள். எண்பத்தேழு வரை வந்து, ஒன்று சுருங்கி இன்னொன்று நீண்டதில் கணக்குத் தவறிப்போய், என்னைத்தான் முறைத்தாள். வாயைக் கண்டுபிடித்ததும் அவள் கூவிய கூவலில் பக்கத்துக் குடும்பமே வந்து குனிந்தது. இந்த முறை இருந்த பணியாளர் மிகவும் நல்லவர். கடல் அட்டை விஷயத்தை அவரிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, திரும்பும் வழியெல்லாம் வண்டியில் வேறு பேச்சே இல்லை. பாட்டிக்கு அன்று இரவே தொலைபேசியில் தகவல் போய்விட்டது.

ஆனால் என்னை நிற்க வைத்தது கொட்டலசுதான். முழங்கால் அளவு குட்டை ஒன்று. வெறும் சொரசொரப்பு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று திறந்து, கண்ணிமை மயிர் போன்ற கால்களை வெளியே நீட்டி ஒரு வாரு வாரி உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பக்கத்தில் ஒன்று, அப்புறம் குட்டை முழுக்க. மகள் நன்றாகப் பார்க்கக் குனிந்தாள். அவள் தலை நிழல் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் சட்டென்று மூடிக்கொண்டன. “அப்பா, அதுங்க என்னைப் பார்த்துடுச்சா?” என்றாள். தலை ஒட்டிக்கொண்டிருக்கும் பிராணிக்குக் கண் எங்கே இருக்கிறது? அக்காவிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொட்டலசு:
உருவத்தைப் பார்க்கவில்லை, வெளிச்சம் குறைந்ததை உணர்ந்தன. இடம் தேடி நீந்தும் பருவத்தில் அதற்கு இரண்டு கூட்டுக்கண்கள் உண்டு. பாறையில் ஒட்டியதும் அவற்றை இழந்துவிடும். வளர்ந்ததற்கு மிஞ்சுவது வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் பிரித்தறியும் எளிய கண்புள்ளிகள். நிழல் விழுந்தால் ஏதோ தின்ன வருகிறது என்று மூடிக்கொள்ளும்.

அடுத்த முறை சூரியன் முகத்துக்கு நேராக இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள், நிழல் பின்னால் விழும். அசையாமல் இருந்தால் மறுபடி திறக்கும்.