புதுப்பிப்பு: ஹோர்ட்டன் சமவெளி – நேரம், பொதி, விலங்குகள்

இலங்கை மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையில் போகச் சொல்லி முன்பு எழுதிய பதிவுக்குக் கீழே, 'பத்து மணிக்குப் போனால் என்ன?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் 'உலக முடிவு' என்ற மலைச்சரிவின் விளிம்பில் வெள்ளைத் திரைதான் தெரியும். வெயில் ஏற ஏற, கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகிச் செங்குத்துப் பாறையோடு மேலேறும், குளிர்ந்ததும் மூடுபனியாகிவிடும். வாயில் திறக்கும்போதே, காலை 6 மணிக்கு, நுழைந்துவிடுங்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். உலக முடிவை முதலில் பாருங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிப்போகாது. அங்கே இறங்கும் வழியில் மர வேர்கள் ஈரமாக வழுக்கும், பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம்.

நுழைவில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், பிஸ்கட் உறை உட்பட. சாப்பாட்டை வீட்டிலேயே டப்பாவிலோ கடதாசியிலோ கட்டிக்கொண்டால் வரிசை நகரும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும், கையுறை கொண்டுபோங்கள்.

சிறுத்தை இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். மரை (கடமான்) கண்ணில் படுவது நிச்சயம் போலத்தான். வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து கையை முகரும். ஒன்றும் கொடுக்காதீர்கள், உறையோடு விழுங்கிவிடும். என் கணிப்பில் தேடத் தகுந்தது மூக்கில் கொம்புள்ள ஓணான். காட்டுப் பகுதியில் பாசி படிந்த அடிமரங்களை மெதுவாகப் பாருங்கள். அசையாமல் ஒட்டியிருக்கும், ஆணின் வெண்கொம்புதான் முதலில் கண்ணில் படும். தொடாதீர்கள், இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை.