போன் செய்தி கம்ப்யூட்டரில் வருவதை எப்படி நிறுத்தினீர்கள்? அவரவர் அனுபவம் சொல்லுங்கள்

கருங்கல் ரப்பர்க்காரன்

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும்.

எங்கள் பங்குத் தேவாலயத்தில் திருவிழா 10 நாள். கொடி இறங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் வரவு செலவு வாசிப்பார்கள். இந்த முறை பொருளாளர் நான். முன்பெல்லாம் நோட்டைப் பார்த்து வாசிப்பதுதான் வழக்கம். பின்னால் இருப்பவர்களுக்குக் காதில் விழாது. விழாததை எல்லாம் மறைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று மடிக்கணினியைப் புரொஜெக்டரில் பொருத்தி, எக்செல் கணக்கைச் சுவரிலேயே காட்டினேன். திருவிழா வரி, நேர்ச்சை, ஏலத்தில் போன வாழைக்குலை என்று வரவெல்லாம் முடிந்து, செலவில் வாணவேடிக்கைக்கு வந்தபோது சுவரின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் எழும்பியது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. நகைக்கடன் தவணை கடந்துவிட்டது, புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று. ஒவ்வொரு எழுத்தும் தேங்காய் அளவு.

நாலைந்து வினாடிதான் நின்றிருக்கும். அதற்குள் கூடியிருந்த அத்தனை பேரும் வாசித்து முடித்துவிட்டார்கள். "வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று சொன்னீர்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். தொகை சுவரில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் கேட்டது தொகையை அல்ல என்பது எனக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்குத்தந்தைக்கும் தெரியும்.

நகை என் மனைவியுடையது. பழைய ரப்பரை வெட்டிவிட்டு மறுநடவு செய்வதற்காக வைத்தது. கன்று நட்டால் ஏழு வருடத்துக்குப் பால் பார்க்க முடியாது என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பயன்? ஒலிபெருக்கிச் செலவுக்கு மேல் என் குரல் எழும்பவில்லை.

மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, "கண்ணாடியை ஏற்றி இறக்கிப் போனில் துழாவ வேண்டாம் அப்பா" என்று, போன் செய்திகளை விண்டோஸ் கணினியில் காட்டும் போன் லிங்க் செயலியைப் பொருத்திக் கொடுத்திருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் திறந்து, செட்டிங்ஸ், அதில் ஃபீச்சர்ஸ், அதில் மெசேஜஸ் என்று போய், போனிலுள்ள செய்திகளைக் காட்ட அனுமதிக்கும் பொத்தானை அணைத்தேன். பிறகு வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

தக்கலை வாத்தியார் (ஓய்வு)

தம்பி, புரொஜெக்டரை எந்த முறையில் வைத்திருந்தீர்கள்? விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் நான்கு வகை காட்டும். இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிகிற டூப்ளிகேட் முறையில் வைத்தால், விண்டோஸ் 11 தானாகவே அறிவிப்புகளை அடக்கிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. இரண்டாவது திரை மட்டும் என்று வைத்தால் எல்லாமே நேராகச் சுவருக்குத்தான் போகும்.

கருங்கல் ரப்பர்க்காரன்

இரண்டாவது திரை மட்டும் என்றுதான் வைத்திருந்தேன் சார். மின்சாரம் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கட்டும் என்ற சிக்கனம்.

மார்த்தாண்டம் அக்கா

என்னுடையது வேறு மாதிரி. மானம் போகவில்லை, தூக்கம் போனது.

முந்திரி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கே என்று கேட்காதீர்கள். அங்கே என் மேசைக் கணினியில், பிரவுசரில் கூகுள் மெசேஜஸைத் திறந்து, போனால் கியூஆர் கட்டத்தைப் பிடித்து இணைத்திருந்தேன். லாரிக்காரர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் தட்டச்சுப் பலகையில் செய்தி அடிப்பது எளிது. இந்தக் கணினியை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டதற்கு ஆம் என்றும் கொடுத்திருந்தேன். அந்த வேலையை விட்டு வரும்போது மேசையிலிருந்த மாதா படம், டிபன் பாத்திரம், குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பிரவுசரில் அந்தப் பக்கத்தையும் மூடினேன். மூடினால் முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் இடத்துக்கு வந்த பெண் அழைத்தாள். "அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு வருகிற ஓடிபி எல்லாம் இங்கே திரையில் தெரிகிறது. ஏதோ பழைய பக்கம் என்று திறந்தேன்." நல்ல பிள்ளை. அவள் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால்? அதே கணினியில்தான் என் வங்கிக் கடவுச்சொல்லையும் பிரவுசரில் சேமித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நிறுத்துவதற்கு அந்த அலுவலகப் படியை மறுபடி மிதிக்கத் தேவையில்லை. போனிலேயே மெசேஜஸைத் திறந்து, மேலே நம் படம் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, டிவைஸ் பேரிங் என்பதற்குள் போனால் இணைந்திருக்கும் கணினிகள் தெரியும். என் பட்டியலில் அலுவலகக் கணினி மட்டுமல்ல, எப்போதோ டிக்கெட் எடுக்கப் போன கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றும் இருந்தது. அதை நான் இணைத்ததாக நினைவே இல்லை. எல்லாவற்றையும் துண்டித்தேன், வங்கிக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினேன்.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். அந்தப் பக்கத்தில் தெரிகிற செய்தியை அனுப்புவது நம் போன்தான். போனில் இணையம் இல்லை என்றால் அங்கே புதிதாக ஒன்றும் வராது. அந்த இரண்டு மாதமும் என் கைப்பைக்குள் இருந்த போனேதான் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது! அதனால்தான் சொல்கிறேன், கணினிப் பக்கம் மூடுவதை நம்பாதீர்கள். போன் பக்கம் துண்டியுங்கள்.

நாகர்கோவில் பையன்

டெலிகிராம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் டிவைசஸ் பார்த்துவிடுங்கள். பள்ளிக்கூட லேப் கணினி என் பட்டியலில் இன்னும் இருந்தது. நான் பள்ளி முடித்து இரண்டு வருடம் ஆகிறது.

தூத்தூர் கடற்கரைக்காரி

இங்கே எல்லோரும் நிறுத்தியதைச் சொல்கிறீர்கள். எனக்கு நிறுத்தாமலே நின்றுபோனது.

வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேல். சங்கச் செய்தியும் புயல் எச்சரிக்கையும் அவருடைய வாட்ஸ்அப் குழுக்களில்தான் வரும். அந்தக் குழுக்களில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். எல்லாம் ஆண்கள். அதனால் அவர் கரையில் இருக்கும்போதே அவருடைய வாட்ஸ்அப்பை வீட்டு மடிக்கணினியோடு இணைத்துவிட்டார். போனைத் தவிர நான்கு சாதனம் வரை இணைக்கலாம் என்பதால் சிக்கல் ஒன்றும் இல்லை. அவர் போன் கடலில் அணைந்து கிடந்தாலும் கணினியில் செய்தி வந்துகொண்டிருந்தது. அவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அவருக்கு வரும் காலை வணக்கம் எல்லாம் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் திறந்தால் மறுபடி கியூஆர் கட்டம். நானும் மகனும் என்னென்னவோ செய்து பார்த்தோம். பிறகு விசாரித்ததில், போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் இணைத்த சாதனங்கள் எல்லாம் தானாக வெளியேறிவிடும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். போனைத் தொலைத்தவனுக்கும் திருட்டுக் கொடுத்தவனுக்கும் அது காவல். கடலுக்குப் போனவனும் போனைத் தொலைத்தவனும் அதன் கணக்கில் ஒன்றுதான் என்பது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கரையேறிய அன்று, குளிப்பதற்கு முன்னால் போனை நீட்டச் சொல்லி மறுபடி இணைத்தேன்.

குளச்சல் ஸ்டூடியோ

ஆப்பிள்காரர்கள் யாரும் பேசவில்லை, அதனால் நான். கல்யாண ஆல்பம் வடிவமைப்பதற்காக மேக் வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து படம் தேர்ந்தெடுக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய செய்தி மேலே எட்டிப் பார்க்கும். "அவர்களுக்கு எத்தனை பக்கம் போடுகிறீர்கள்?" என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மெசேஜஸ் போய், டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங் என்பதில் மேக்கின் பெயருக்கு எதிரே இருந்ததை அணைத்தேன். புதிய பதிப்புகளில் ஆப்ஸ் என்ற பிரிவுக்குள் போய் மெசேஜஸைத் தேட வேண்டும். அணைத்தும் பாதி வந்துகொண்டே இருந்தது. அந்தப் பொத்தான் பச்சை நிறத்தில் வரும் சாதாரணக் குறுஞ்செய்திக்கு மட்டும்தான். நீல நிறத்தில் வரும் ஐமெசேஜ், போனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, ஆப்பிள் கணக்கைப் பின்பற்றி நேராக மேக்குக்கே வருகிறது. மேக்கில் மெசேஜஸைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் ஐமெசேஜிலிருந்து வெளியேறிய பிறகுதான் ஓய்ந்தது. வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைமார் பெரும்பாலும் ஐபோன்காரர்கள் என்பதால் எனக்கு நீலம்தான் அதிகம்.

ஆனால் அதற்கு முன் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். மேக்கில் வரக்கூடாது என்று, அங்கே இருந்த உரையாடல்களை ஒன்றொன்றாக அழித்தேன். ஐகிளவுடில் செய்திகளைச் சேமிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அழித்தால் எல்லாப் பக்கமும் அழியும். முன்பணம் எவ்வளவு, எத்தனை பக்கம், என்றைக்குத் தர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எழுதித் தந்த ஒப்புதல் முழுவதும் போனிலிருந்தும் போய்விட்டது. கல்யாண சீசனில்! நல்லவேளை, அழித்தவை 30 நாள் வரை ரீசன்ட்லி டெலீட்டட் என்ற இடத்தில் கிடக்குமாம், ஐஓஎஸ் 16 முதல் அது இருக்கிறது. அங்கிருந்து மீட்டேன். அழிப்பது வேறு, நிறுத்துவது வேறு. தயவுசெய்து முதலில் நிறுத்துங்கள்.

தக்கலை வாத்தியார் (ஓய்வு)

நான் இன்னும் நிறுத்தவில்லை, நிறுத்தப் போவதும் இல்லை. எனக்கு 70 தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. போனின் சின்ன எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது; பெரிய திரையில் வாசிப்பேன், பேரப்பிள்ளைகளுக்குப் பத்து விரலாலும் பதில் அடிப்பேன். எல்லோரும் பயந்து எல்லாவற்றையும் அணைத்தால் என் போன்றவர்கள் என்ன செய்வது? அறிவிப்பு எழும்புவதை மட்டும் அணைத்துவிட்டேன். நானாகத் திறந்தால் ஒழிய எதுவும் தெரியாது. கணினிக்கும் பின் எண் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் விளையாடக் கேட்டால் தருவதில்லை. அதில் மட்டும் கொஞ்சம் கெட்ட பெயர்.

மார்த்தாண்டம் அக்கா

சார் சொல்வது நியாயம். வீட்டை விட்டு வெளியே போகாத கணினி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கையும் அதே கணினியில் திறக்கிறீர்கள் என்றால் ஒரு முறை யோசியுங்கள். பணம் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது.

கருங்கல் ரப்பர்க்காரன்

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, போன் பக்கமும் பார்ப்போம் என்று என் போனில் போன் லிங்குக்கு ஜோடியாக இருக்கும் லிங்க் டு விண்டோஸ் செயலியைத் திறந்தேன். எங்கள் வீட்டு மடிக்கணினியின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. மகளுடைய மடிக்கணினி.

கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கென்று மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாததால் அவளுடைய கணக்கிலேயே இணைத்திருக்கிறாள்; முதலில் தன்னுடையதில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறாள். நான் அணைத்தது வீட்டுக் கணினியில் மட்டும். இத்தனை மாதமும் என் செய்திகள் கோயம்புத்தூர் விடுதி அறை வரைக்கும் போய்க்கொண்டிருந்தன.

"அப்படியென்றால் அந்த நகைக்கடன் செய்தி?" என்றேன்.

"போன தவணைக்கு வந்ததும் பார்த்தேன் அப்பா. அதனால்தான் இந்த முறை விடுதிக் கட்டணம் போதும், கைச்செலவுக்கு வேண்டாம் என்றேன்."

அப்போது நான், பிள்ளை சிக்கனம் கற்றுக்கொண்டாள் என்று அவள் அம்மாவிடம் பெருமை பேசியிருந்தேன்.

செயலியிலிருந்து கணக்கை நீக்கினால் இரண்டு கணினியும் ஒன்றாகப் போய்விடும். அதற்கு முன் குறுஞ்செய்திக்கான அனுமதியைப் போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியிடமிருந்து எடுத்துவிட்டேன். படங்களை மாற்றிக்கொள்ள மட்டும் இணைப்பு இருக்கட்டும். மீதியை அவள் வரும்போது அவளையே செய்யச் சொல்கிறேன்.

தக்கலை வாத்தியார் (ஓய்வு)

எல்லாம் சரி. கணக்கை ஒப்புக்கொண்டார்களா?

கருங்கல் ரப்பர்க்காரன்

ஒப்புக்கொண்டார்கள் சார். 350 ரூபாய் இடித்தது. பந்தல்காரரிடம் ரசீது வாங்க மறந்திருந்தேன். அடுத்த வருடம் நோட்டில் எழுதித்தான் வாசிப்பேன்.