புரோ வி1, டிபி5, இசட் ஸ்டார் கோல்ஃப் பந்துக: நம்ம ஊரு மேகாத்துல ஆடிப் பாத்தவிய அனுபவத்த சொல்லுங்க

செட்டிபாளையத்துக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. யூடியூப்ல ரோபோ வெச்சு அடிச்சுக் காட்றாங்க, பந்தோட வேகம், சுத்து அளக்கற லாஞ்ச் மானிட்டர்ல நம்பர் நம்பரா போடறாங்க, அதெல்லாம் பாத்துப் பாத்து கண்ணு பூத்ததுதான் மிச்சம், நம்ம ஊரு காத்துல நம்ம ஊரு காஞ்ச கிரீன்ல (குழியச் சுத்தி ஒட்ட வெட்டுன புல்லு) வாரா வாரம் ஆடறவிய என்ன சொல்றாங்கன்னு ஒருத்தரும் எழுதறதில்ல. அதனால நான் பாத்தத மொதல்ல போடறேன், நீங்களும் உங்களுக்கு நடந்தத போடுங்க. என்ற ஹேண்டிகேப் (ஆட்டத் திறமைக்கு போடற கணக்கு, கம்மியா இருந்தா நல்லது) 16, டிரைவர்ங்கற தூரம் அடிக்கற கிளப்ப வீசற வேகம் 90 மைல் பக்கம், கிளப்புல முக்காவாசிப்பேரு எப்படியோ அப்படித்தான், புரோவெல்லாம் இல்லீங்க.

ஆடிப் பாத்தது புரோ வி1, புரோ வி1 எக்ஸ், டிபி5, டிபி5 எக்ஸ், ஸ்ரிக்சன் இசட் ஸ்டார். அஞ்சுக்கும் மேல்தோல் யூரித்தேன்ங்கற மெத்து பிளாஸ்டிக், வித்தியாசமெல்லாம் உள்ளாரதான். புரோ வி1-ம் இசட் ஸ்டாரும் மூணு அடுக்கு, புரோ வி1 எக்ஸ் நாலு, டிபி5 ரெண்டு வகையும் அஞ்சு அடுக்கு.

டீல (மொத ஷாட் அடிக்கற எடம்) இருந்து எது தூரம் போகுதுங்கற கேள்விய நான் சீக்கிரமே விட்டுட்டேனுங்க. கிளப் முகத்து நடுவுல பட்ட ஷாட்டுக்கும் ஹீல்ல (கைப்புடிப் பக்கத்து ஓரம்) பட்ட ஷாட்டுக்கும் எனக்கு முப்பது கஜம் வித்தியாசம் வருது, இதுல பந்துக்கு பந்து அஞ்சு கஜம் கூடுதா கொறையுதான்னு எங்க போய் கண்டுபுடிக்கறது? அதனால தலைகீழா ஆரம்பிச்சேன், மொதல்ல புட் (கிரீன்ல உருட்டறது), அப்பறம் கிரீன் ஓரத்துல சிப் (குட்டையா தூக்கிப் போடறது), அப்பறம் 50 கஜம், அப்பறம் 7 அயர்ன்ங்கற நடுத்தூரக் கிளப், கடைசிலதான் டிரைவர். சாயங்காலம் கோர்ஸ் காலியா இருக்கறப்ப ரெண்டு பந்த ஒரே எடத்துல போட்டு அடிச்சுட்டு, பிட்ச் மார்க்ல (பந்து விழுந்த தடம்) இருந்து பந்து நின்ன எடம் வரைக்கும் காலடி வெச்சு அளந்துக்குவேன், அவ்வளவுதான் என்ற லேபு.

அப்படிப் பாத்ததுல, இந்த அஞ்சுக்குள்ள வித்தியாசம் இருக்குது ஆனா சின்னது, இதுகளுக்கும் ஐயோனோமர்ங்கற கெட்டி பிளாஸ்டிக் தோல் போட்ட சாதா பந்துக்கும் நடுவுல இருக்கறதுதான் பெருசு. சித்திரை வெயில்ல கிரீன் காஞ்சு இறுகிக் கெடக்கறப்ப சாதா பந்த வெட்ஜ்ல (ஒசரமா தூக்கிப் போடற கிளப்) தூக்கிப் போட்டா விழுந்து ஒரு குதி குதிச்சு பின்னால புல்லுக்குள்ள போயிருது, யூரித்தேன் ரெண்டாவது குதில ஒரு புடி புடிச்சு நின்னுக்குது. மெத்துனு இருக்கற தோல், வெட்ஜ் முகத்துக்கும் அடியில இருக்கற கெட்டி அடுக்குக்கும் நடுவுல மாட்டி நசுங்குது, வெட்ஜ்ல இருக்கற கோடு அதுல பதிஞ்சு பந்த பின்னால சுத்தி விடுது. ஐயோனோமர் கெட்டியா இருக்கறதால வழுக்கிட்டு மேல ஏறிருது. நம்பலைன்னா ஒரு சிப் அடிச்ச கையோட பந்த எடுத்துப் பாருங்க, யூரித்தேன்ல அந்தக் கோடு வரிசையா புல்லுப் பச்சையில பதிஞ்சிருக்கும், நகத்துல தடவுனா நெரடும்.

காத்து தனிக் கதைங்க. வைகாசி கடைசில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கற மேகாத்து இருக்குதே, பல்லடம் உடுமலைப்பக்கம் காத்தாடி சுத்தறதே அதுலதான, அத எதுத்து 7 அயர்ன் அடிச்சா ஸ்பின் (பின்னால சுத்தற சுத்து) ஜாஸ்தியான பந்து மேல மேல ஏறி அந்தரத்துல ஒரு நிமிசம் ரோசனை பண்ணிட்டு பொத்துனு முன்னாலயே விழுந்துருது. புரோ வி1 எக்ஸ் ஒசரமா போறதுக்குன்னே செஞ்சது, அயர்ன்ல ஸ்பின்னும் கூட, மார்கழிக் காலைல காத்தசைவு இல்லாதப்ப அது கிரீன்ல வந்து எறங்கறத பாக்கோணும், அவ்வளவு அழகு. ஆடி வந்துச்சுன்னா நான் புரோ வி1-க்கு மாறிக்கறேன், கொஞ்சம் தாழப் போகுது, எனக்கு அது போதும்.

டிபி5-ம் இசட் ஸ்டாரும் புட்டர்ல (புட் பண்ற கிளப்) பட்டா சத்தம் கம்மி, எக்ஸ் ரெண்டும் டக்குனு கேக்கும். கூட பை தூக்கிட்டு வர்ற கேடி அண்ணன் முதுகக் காட்டி நின்னுட்டே புட்டர் சத்தத்த வெச்சு "இது எக்ஸுங்ணா"ன்னு சொல்லிப்போடறாரு, நான் பந்த திருப்பி பேரப் பாத்தா செரியாத்தான் இருக்குது. லாஞ்ச் மானிட்டருக்கு லட்சக்கணக்குல குடுக்கறத விட அவருக்கு டீ வாங்கிக் குடுக்கலாம்.

திருப்பூர் நைன் ஓல்:

அண்ணா நல்லா எழுதிருக்கீங்க ஆனா காசப் பத்தி வாயே தெறக்கலையே. ஒரு பந்து நாநூறு ரூவாய்க்கு மேல ஆகுது, நம்ம ஸ்லைஸ் (நேராப் போகாம வலப்பக்கம் வளையற ஷாட்) அடிச்சு சீமக்கருவேல முள்ளுக்குள்ள போச்சுன்னா சட்டப்படி தேடறதுக்கு மூணு நிமிசந்தான், 2019-க்கு முன்னாடியாச்சும் அஞ்சு நிமிசம் குடுத்தாங்க. போன வாரம் புது புரோ வி1 சிலீவ் (மூணு பந்து டப்பா) பிரிச்சேன், மொத ஓல்லயே (ஓல்னா ஒரு டீல இருந்து அதோட குழி வரைக்கும்) ஒண்ணு போச்சு, மூணாவது ஓல்ல இன்னொண்ணு, மூணாவது பந்த பாக்கெட்ல போட்டு பத்தரமா வெச்சுட்டு பழைய பந்துலதான் ஆடுனேன், வெளையாட வாங்குன பந்த பூசை ரூம்ல வெக்கறதுக்கா வாங்கறோம்னு வீட்ல ஒரே சிரிப்பு.

என்ற சந்தேகம் வேற ஒண்ணு. கடைல கேட்டா உங்க வேகத்துக்கு பிரீமியம் பந்து அமுங்காதுங்க, சாஃப்ட் பந்து வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. பிரிட்ஜ்ஸ்டோன்காரனும் டூர் பி-ல எக்ஸ், எக்ஸ்எஸ் வேகமா அடிக்கறவங்களுக்கு, ஆர்எக்ஸ், ஆர்எக்ஸ்எஸ் 105 மைலுக்கு கீழ இருக்கறவங்களுக்குன்னு பிரிச்சுத்தான் வித்துருக்கான். அப்ப நம்மள மாதிரி 85 மைல் ஆளுக புரோ வி1 எக்ஸ் வாங்கறது தண்டச் செலவா?

பழைய பலாட்டா:

தம்பிகளா, நான் எஸ்டேட் உத்தியோகத்துல இருந்தவன், இப்ப முட்டி வலி, ஒம்பது ஓல்லோட செரி. காத்து காத்துங்கறீங்களே, நீங்க சின்ன பந்து ஆடிருக்கோணும். அமெரிக்காக்காரன் 1.68 இஞ்ச் பந்துல ஆடிட்டு இருந்தான், நம்ம பக்கமெல்லாம் ஆர் அண்ட் ஏங்கற பிரிட்டிஷ் கோல்ஃப் அமைப்போட சட்டம், 1.62 இஞ்ச் பந்துக்கு அனுமதி உண்டு. எடை ரெண்டும் ஒண்ணு, சுத்தளவு மட்டும் சின்னது, எதுத்த காத்துக்குள்ள பூந்து போயிட்டே இருக்கும். பிரிட்டிஷ் ஓபன்ல 1974-ல பெரிய பந்து கட்டாயமாச்சு, 1990-ல சின்னதுக்கு சட்டத்துலயே எடமில்லாம போச்சு. எனக்கு இன்னைக்கும் அந்த ஆத்தாமை தீரலை.

அந்தக் காலத்து நல்ல பந்துன்னா பலாட்டாங்கற மெத்து ரப்பர் தோல், உள்ள ரப்பர் நூல் சுத்துனது. கிரீன்ல அது நிக்கற மாதிரி எதுவும் நிக்காது, ஆனா ஒரு ஷாட் வயித்துல படாம அயர்ன் விளிம்புல பட்டுச்சுன்னா கத்திரிக்காய கீறுன கணக்கா வாயப் பொளந்துக்கும், ஒரு ரவுண்டுக்கு ஒரு பந்து தாங்குனா அதிசயம். கிழிஞ்ச பந்த பசங்க பிளேடு போட்டு அறுத்து நூல இழுத்துட்டு ஓடுவாங்க, வாசல் தாண்டி ரோடு வரைக்கும் வரும், சில பந்துல நடுவுல ஒரு ரப்பர் உருண்டைக்குள்ள தண்ணி இருக்கும்.

அப்பறம் 2000 அக்டோபர்ல லாஸ் வேகாஸ் போட்டில புரோ வி1 எறங்குச்சு, அமெரிக்க புரோ பில்லி ஆண்ட்ரேட் அத வெச்சு ஜெயிச்சாரு. உள்ள நூல் இல்லாத கெட்டி உருண்டை, மேல யூரித்தேன். தூரமும் போச்சு கிரீன்லயும் நின்னுச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டுல ஒண்ணத்தான் கேக்க முடியும். நூல் சுத்துன பந்து கொஞ்ச காலத்துலயே புரோக்கள் ஆடற டூர்ல காணாம போயிருச்சு. எல்லா கம்பெனியும் அந்த ஒரே வழிக்கு வந்துட்டாங்க தம்பி, அதனாலதான் உங்களுக்கு அஞ்சு பந்தும் பக்கத்துல பக்கத்துல தெரியுது.

ஈரோட்டு மஞ்சள் பந்து:

நான் மஞ்சள் கலர்லதான் ஆடுவேன், காஞ்ச புல்லுலயும் சருகுலயும் வெள்ளைய விட எனக்கு சட்டுனு தெம்படுது. ஊரு பேருக்காக இல்லீங்க!

காசு பிரச்சனைக்கு நான் கண்ட வழி பழைய பந்து. ஆனா அதுல ரெண்டு வகை இருக்குது, தெரியாம வாங்கிராதீங்க. ஆன்லைன்ல ஒரு எடத்துல பெரிய பிராண்டு பேரு போட்டு பாதி வெலைக்கு பளபளன்னு வந்துச்சு, கைல வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா பந்து மேல இருக்கற குட்டிக் குழிக்குள்ள பெயிண்ட் தேங்கிக் கெடக்குது, நம்பர் எழுத்தும் தடிச்சிருக்குது. பழைய பந்த பெயிண்ட் அடிச்சு புதுசா முத்திரை குத்தி விக்கறது. குழிங்கறது அழகுக்கு இல்லீங்க, காத்து பந்தோட முதுகுவரைக்கும் ஒட்டிட்டு ஓடறதுக்கு, அப்பத்தான் பின்னால இழுக்கற இழுப்பு பாதிக்குப் பாதி கொறையும், வழவழன்னு ஒரு பந்து செஞ்சு அடிச்சா பாதித் தூரங்கூட ஒழுங்கா போகாது. அந்தக் குழிய பெயிண்ட் போட்டு மெழுகி வெச்சா ஒரு ஷாட் ஒரு தினுசா போகும், அடுத்தது வேற தினுசா போகும், நம்ம ஸ்விங்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவோம்.

கேடிப் பசங்க புதர்ல இருந்து எடுத்துட்டு வர்ற பந்து அப்படியில்ல. கழுவிட்டு வெள்ளைத் துணில தொடச்சுப் பாருங்க, தோல்ல நூல் பிரியாம மினுமினுப்பு மிச்சமிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், பேனா கோடு போட்டிருந்தா என்ன. தண்ணிக்குள்ள ரொம்ப நாள் ஊறுனது மட்டும் வேண்டாம், நெறம் மங்கி பழுப்பு தட்டிருக்கும், அடிச்சா சத்தமே செத்துப்போய் வரும்.

தோப்புக்காரன், பொள்ளாச்சி:

எனக்கு கோர்ஸ் தூரம், வாரத்துல ஒருக்காதான் வர முடியும், அதனால பொழுதோட தென்னந்தோப்புல வாய்க்கா ஓரமா மண்வெட்டி நட்டு வெச்சு சிப் பழகறேன். செட்டிபாளையத்தண்ணன் சொல்றது செரி, அந்த இருபது முப்பது கஜத்துல சாதா பந்து மேல ஏறிப் போறது வேற கோணம், யூரித்தேன் தாழ கிளம்பி விழுந்த எடத்துல நிக்கறது வேற. அதனாலதான் ரெண்டையும் கலந்து ஆடக் கூடாதுங்கறேன். திருப்பூர் தம்பி பழைய பந்துல மாத்தி ஆடுறது காசுக்கு நல்லது, கைக்கு நல்லதில்ல. எந்த எடத்துல விழ வெக்கோணும்னு கைக்கு ஒரு கணக்கு பழகிருக்கும், பந்த மாத்துனா அந்தக் கணக்கு போச்சு. என்ற பந்துல ஏழெட்டு கெணத்துக்குள்ள கெடக்குது, கோடைல தண்ணி வத்துனா எடுக்கோணும்.

மே மாசம் ஊட்டி போய் ஆடுனத சொல்றேன். 2200 மீட்டருக்கு மேல இருக்கற ஊரு, காத்து மெலிசு, இங்க 150 கஜத்துக்கு எடுக்கற கிளப்ப எடுத்தா அங்க கிரீனத் தாண்டி கார்ஸ்ங்கற முள்ளுப் புதருக்குள்ள போயிருது, அந்த முள்ளுக்குள்ள மஞ்சப்பூவா பூத்துக் கெடக்கும், மஞ்சள் பந்துக்காரர் அங்க வந்தா கஷ்டந்தான். விடியக்காலம் குளிர்ல மட்டும் அதே பந்து கெட்டியாகி தூரம் கொறையுது, கைக்கும் சுள்ளுனு அடிக்குது. எங்கூட வந்த ஒருத்தர் பந்த டீ பிளாஸ்க்கோட ஒட்டி வெச்சு சூடு பண்ணிட்டே வந்தாரு. அது சட்டப்படி ஆகாதுங்க, ரவுண்டுல வேணும்னே சூடு பண்ணுன பந்த அடிக்கக் கூடாது, ரூல் 4.2-லயே இருக்குது. சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு.

செட்டிபாளையத்துக்காரன்:

பலாட்டா அய்யா, சின்ன பந்து நாயத்த தனியா ஒரு நாள் எழுதுங்க, படிக்க ஆள் இருக்குது.

திருப்பூர் தம்பி, அமுங்காதுங்கறது டிரைவர் பேச்சு. 85 மைல்ல அடிச்சாலும் எந்தப் பந்தும் அமுங்கத்தான் செய்யுது, கொஞ்சம் கம்மியா அமுங்கும், அவ்வளவுதான். கெட்டியா தோணுதா மெத்துனு தோணுதாங்கறது அவங்கவங்க கைக்குப் புடிச்சது. கிரீன் பக்கத்துல 20 கஜம் சிப்புக்கு ஆரு 105 மைல்ல அடிக்கறாங்க? அங்க நீங்களும் புரோவும் ஒரே வேகந்தான, வித்தியாசம் பூராம் தோல்லதான். ஆனா ஒரு ரவுண்டுக்கு நாலஞ்சு பந்து தொலையற வரைக்கும் நாநூறு ரூவா பந்து வேண்டாம்ங்கறதுதான் என்ற கட்சி. யூரித்தேன் தோல்லயே வெலை கம்மில இருக்குது, ஸ்ரிக்சன்ல கியூ ஸ்டார் டூர் அப்படித்தான், அதுல ஒரு டஜன் வாங்கி அதையே விடாம ஆடுங்க.

தோப்புக்கார அண்ணன் கலக்காதீங்கன்னு சொல்றது ஆட்டத்துக்கு செரி, சோதனைக்கு கலந்துதான ஆகோணும். ஒரு ஓல் முடிஞ்சு அடுத்த டீக்குப் போறப்ப வேற பிராண்டு எடுத்துக்கலாம், தடையில்ல, பெரிய போட்டிகள்ல ஒரே மாடல்லதான் ஆடோணும்னு லோக்கல் ரூல் போட்டிருந்தா மட்டும்தான் முடியாது. ஆனா ஓல் நடுவுல பங்கர்ல (மணல் பள்ளம்) உரசி தோல் சொரசொரப்பாயிருச்சுன்னு பந்த மாத்தக் கூடாதுங்க, கிழிஞ்சாலோ விரிசல் விட்டாலோதான் மாத்தலாம். இதுல எனக்கு ஒரு கடுப்பு, நான் ஆடிப்பாத்ததுல ஒரு பிராண்டு, பேரு வேண்டாம், நம்ம பங்கர் மணல்ல ஒருக்கா பட்டாலே மேல நூல் நூலா எழும்பிருது, அதோடவே அந்த ஓல்ல புட் பண்ணி முடிக்கோணும், குறி பாக்க கோடு போட்ட பந்து தெத்திக்கிட்டே உருளறது கண்ணுக்கே தெரியுது.

திருப்பூர் நைன் ஓல்:

செரிங்ணா, கியூ ஸ்டார் டூர் சொல்லியாச்சு. பாக்கெட்ல இருக்கற அந்த ஒத்தை புரோ வி1-ஐ என்னங்க பண்றது?

ஈரோட்டு மஞ்சள் பந்து:

ஞாயித்துக்கெழம வர்றப்ப எடுத்துட்டு வாங்க, மொத ஓல்ல எனக்குக் குடுங்க, எப்படியும் முள்ளுக்குள்ளதான் போகப்போகுது, என்ற ஸ்லைஸ்ல போகட்டும்.