பால் பைதான் குட்டி ஆணா பெண்ணா? ஜோடி சேர்க்கும் முன் உறுதி செய்வது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வளர்ப்பு:
வணக்கமுங்க. பால் பைதான் (Ball python) என்கிற சின்ன மலைப்பாம்பு இனத்தில் குட்டி ரெண்டு இருக்கு. மூணு மாசம் ஆச்சு, தலைக்கு 200 கிராம் பக்கம் நிக்குது. ஜோடின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஒண்ணுக்கு வெண்ட் (கழிவுத் துவாரம்) ஓரத்து முள் பெருசு, இன்னொண்ணுக்குச் சிறுசு. அதை வச்சுத்தான் பிரிச்சிருக்காங்க. இதை நம்பலாமுங்களா? பாப்பிங் (வாலை உருட்டி உறுப்பை வெளியே வரவைப்பது) செய்யலாமா, ப்ரோப் (உள்ளே விட்டு ஆழம் பார்க்கும் கம்பி) போடணுமா? கூட கார்ன் ஸ்னேக் என்கிற வேறு இனப் பாம்புக் குட்டியும் ஒண்ணு இருக்கு. அதுக்கு முள்ளே காணோம், பெண்ணுன்னு எடுத்துக்கலாமா?

வாளையார் மலையடி:
முள்ளை வச்சு முடிவு பண்ணாதீங்க. அது பின்னங்காலின் மிச்சம். மலைப்பாம்பு, போவா இனங்களில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பால் பைதானில் பெண்ணுக்கே பெரிய முள் இருப்பதும் சகஜம். கார்ன் ஸ்னேக்குக்கு அந்த முள்ளே கிடையாது, ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி.

வாலைப் பார்த்தால் ஓர் ஊகம் கிடைக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பான ஹெமிபீனஸ் ரெண்டும் வெண்ட்டுக்குக் கீழே, வாலுக்குள் உள்பக்கமாக மடிந்து கிடக்கும். அதனால் வெண்ட் தாண்டியும் வால் கொஞ்ச தூரம் தடிப்பாகவே போகும். பெண்ணுக்கு உடனே ஒடுங்கும். கார்ன் ஸ்னேக்கில் இது ஓரளவு உதவும். பால் பைதானுக்கு வாலே குட்டை என்பதால் கண்ணை ஏமாற்றும்.

பாப்பிங்குக்கு நல்ல காலம் முட்டையை விட்டு வந்த முதல் சில வாரங்கள். மூணு மாசத்தில் கை பழகியவர் செய்யலாம். குட்டி இறுக்கிக்கொண்டால் விட்டுவிடணும். வயிற்றுப்பக்கம் மேலே தெரியப் பிடிச்சு, ஒரு கட்டைவிரலால் வெண்ட் மூடிச் செதிலை மெதுவா தலைப்பக்கம் இழுங்க. இன்னொரு கட்டைவிரலை எட்டுப் பத்துச் செதில் கீழே வச்சு, வெண்ட்டை நோக்கி உருட்டுங்க. குத்தி அமுக்கக் கூடாது, உருட்டத்தான் வேணும். ஆணாக இருந்தால் சிவந்த நுனியோடு ரெண்டு உறுப்பு வெளியே தள்ளும். பெண்ணில் வாசனைச் சுரப்பியின் சின்னப் புள்ளிகள் ரெண்டு மட்டும் தெரியும். வளர்ந்த பாம்புக்கு இதைச் செய்யவே கூடாது, தசை வலுவா இருப்பதால் வால் காயப்படும்.

ஒண்ணு மனசில் வையுங்க: வெளியே வந்தால் ஆண் என்பது உறுதி. வரவில்லை என்றால் பெண் என்று ஆகிவிடாது.

சித்தூர் புழையோரம்:
மேலே சொன்னது சரி. உங்க குட்டிகள் வயசுக்கு நான் ப்ரோப்பைத்தான் சொல்லுவேன், அதுவும் தெரிந்தவர் கையால். இரை கொடுத்து ரெண்டு நாளாவது போகட்டும். கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரித்து முடியும்வரை காத்திருங்க.

முனை உருண்ட ஸ்டீல் ப்ரோப் வேணும். ப்ரோப் செட்டில் இருப்பதிலேயே மெல்லியதை எடுப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. மெல்லிய முனை திசுவைத் துளைக்கும், துளைத்தால் பெண்ணும் ஆண் மாதிரி ஆழம் காட்டும். தடையில்லாமல் நுழைவதில் எது தடிமனோ அதுதான் சரியான அளவு. ஒவ்வொரு பாம்புக்கும் நடுவே ஸ்பிரிட்டில் துடைச்சு, காயவச்சு, தண்ணீரில் கரையும் ஜெல்லி தடவணும்.

ஒருத்தர் உடம்பைத் தாங்கிப் பிடிக்கட்டும். வெண்ட்டைத் திறந்து, நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் ஓரமாக, வால் நுனியை நோக்கி ப்ரோப்பை விடுங்க. விரலுக்கு நடுவில் லேசா உருட்டிக்கொண்டே போனால் தானே வழுக்கிப் போகும். மெத்தென்று தடுக்கும் இடத்தில் நிறுத்தணும், அதற்குமேல் ஒரு நூல்கூடத் தள்ளக் கூடாது. வெண்ட் இருக்கும் இடத்தில் ப்ரோப் மேல் விரல் நகத்தை வச்சு வெளியே எடுத்து, வாலின் அடிப்பக்கம் வச்சு செதில் வரிசையை எண்ணுங்க. பால் பைதான் பெண்ணில் பெரும்பாலும் 2 முதல் 4 வரிசை. ஆணில் 7, 8 தாண்டும். ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

ஆணா பெண்ணா என்று டி.என்.ஏ. பார்க்கக் கிளி இறகு அனுப்பும் லேபுக்கு, பாம்பு உரித்த சட்டையை அனுப்பிப் பயனில்லை. அந்தச் சோதனை பறவைகளுக்கானது. பால் பைதானில் எக்ஸ்–ஒய் குரோமோசோம் ஜோடி ஆணுக்குத்தான் என்பது சில வருஷம் முன்புதான் தெரியவந்தது. அந்த இனத்துக்கென்றே இருக்கும் சோதனைதான் செல்லும்.

கொழிஞ்சாம்பாறை வளர்ப்பு:
ரெண்டு பக்கமும் ஒத்து வராமல் இருந்தால்? ஒரு பக்கம் 3, மறுபக்கம் 8 என்று வந்தால் எதை எடுக்கிறது?

சித்தூர் புழையோரம்:
ப்ரோப்பில் ரத்தம் இல்லை, அழுத்தமும் கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆண். 3 காட்டிய பக்கம் தசையை இறுக்கியிருக்கும். ரத்தம் இருந்தால் அந்த 8 கணக்கில் சேராது. நிறுத்திட்டு, காயம் ஆற சில வாரம் விட்டு மறுபடி பாருங்க. ரெண்டு பக்கமும் 3 என்றாலும் ஒரு தடவையோடு பெண் என்று எழுதாதீங்க, இன்னொரு நாள் உறுதி செய்யுங்க. நேரில் காட்ட திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால், ஊர்வன பார்க்கிற டாக்டர் அன்னிக்கு இருப்பாரா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்க.

வாளையார் மலையடி:
அவசரமும் இல்லைங்க. பெண் பால் பைதான் 1500 கிராம் தொட்டு, மூணு வயசை ஒட்டித்தான் சேர்க்கலாம். அதுவரை தனித்தனிப் பெட்டி. பின்னிப் பிணைந்து கிடப்பதைப் பார்த்து ஜோடி என்று நினைச்சிடாதீங்க. நம்ம வயல் வரப்பில் சாரை ரெண்டு பிணைந்து எழும்புவதைப் 'பிணையல்' என்பாங்களே, அதுவே பெரும்பாலும் ரெண்டு ஆண் மல்லுக்கட்டுவதுதான்.

இன்னொண்ணு: பால் பைதான் வனவிலங்குச் சட்டத்தின் நாலாம் அட்டவணையில் வருது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்கணும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்கணும். பதிவு உங்க பேருக்கு மாறியிருக்கான்னு, கொடுத்தவங்ககிட்ட இப்பவே கேளுங்க.