சியர்ஸ் கற்றலொக் வீட்டுக்கு வந்த காலம்

ஸ்காபரோவிலிருந்து:

80களின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு சியர்ஸ் கற்றலொக் என்றாலே முகம் மலரும். சியர்ஸ் கடைச் சாமான்களைப் படத்தோட போட்டு, வீட்டிலிருந்தே ஓடர் செய்ய விடுகிற தடித்த புத்தகம் அது. கிறிஸ்மஸுக்கு முன்னம் வாற ‘விஷ் புக்’ பிள்ளைகளின் சொத்து. லேகோ, பார்பி, நின்ரெண்டோ என்று விளையாட்டுச் சாமான் பக்கங்கள் வந்தால் நானும் தம்பியும் ஆளுக்கொரு நிறப் பேனையால் வட்டம் போடுவோம். அவன்ர வட்டத்துக்கு மேல நான் போட்டால் அடிபிடிதான்.

பெரிய கற்றலொக் அம்மாவுக்கு. கடைக்குப் போனால் “மே ஐ ஹெல்ப் யூ” என்று ஒருத்தி பின்னால வருவா, அம்மாவுக்கு வாயே வராது. வீட்டில் சோறு கொதிக்கிற நேரத்தில் வின்ரர் ஜக்கெற் பக்கத்தை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. நாடாவை நெஞ்சில எங்க பிடிக்கிறது, இடுப்பில எங்க பிடிக்கிறது என்று படம் கீறின அளவு அட்டவணையும் அதில இருக்கும். அம்மா ஊரில் தையல் தைத்தவ. எங்களை வரிசையில் நிற்பாட்டி, கையை விரிக்கச் சொல்லி அளந்துபோட்டு, கடைசியில் ஒரு அளவு பெரிசாகத்தான் ஓடர் செய்வா. “வாற வருசமும் போடலாமெல்லே.”

முதலில் நான்தான் போன் எடுத்துச் சொல்லுவேன். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தால வந்து பார்த்தால், பொருள் எண், நிறம், அளவு எல்லாத்தையும் ஒரு துண்டில் எழுதிவைத்து அம்மா தானே பேசி முடித்திருந்தா. ஆங்கிலத்தில் அவ தனியாகப் பேசின முதல் தொலைபேசி அதுதான். சாமான் வந்ததும் பிக்-அப் கவுண்டருக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்.

இப்ப இணையத்தில் வாங்குகிறோம், தேடினது மட்டும் கண்ணில் படுகிறது. கற்றலொக்கில தேடாததெல்லாம் வரும்: கூடாரம், திரைச்சீலை, சின்னப் பிள்ளைகளின் கட்டில். இந்த நாட்டுச் சனம் வீட்டுக்குள்ள எப்படி இருக்கினம் என்று நாங்கள் முதன்முதலில் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான்.

வினிப்பெக்கிலிருந்து:

தங்கச்சி, உங்கட அம்மாவை நேரில் பார்த்தமாதிரி இருக்கு. நான் இங்க முதியோர் இல்லத்தில் வேலை செய்தனான். எங்களுக்கு சியர்ஸ் எண்டால் அங்க இருந்த வயசான சனத்துக்கு ஈற்றன்ஸ், அதுவும் கனடாவில் கற்றலொக் போட்ட ஒரு பெரிய கடை. 1884இல் தொடங்கின அந்தக் கற்றலொக் 1976இல் நின்றுபோச்சு, எங்கட ஆட்கள் கூடுதலாக வந்து இறங்க முன்னமே.

இல்லத்துக் கூடத்தில் ஒரு பழைய பதிப்பின் மறு அச்சு கிடந்தது. உக்ரேனியப் பாட்டி ஒருத்தி, காலமை என்ன சாப்பிட்டவ என்பதே ஞாபகம் இராது. அடுப்புகள் இருக்கிற பக்கத்தைத் திறந்து குடுத்தால் விரலை வைத்துக் காட்டுவா: இதுதான் எங்கட வீட்டில இருந்தது, கோதுமைக் காசு வந்த பிறகு அப்பா எடுப்பித்தவர். அதுக்குப் பிறகு கதை நிற்காது. புதுப் புத்தகம் வந்தால் பழசைப் பெடியள் முழங்காலுக்குக் கீழ கட்டிக்கொண்டு ஹொக்கியில் கோல் காப்பாங்களாம். மிச்சம் வெளிக் கக்கூசுக்குப் போகுமாம். வீடு கட்டுறதுக்கான வரைபடமும் மரமும்கூட ஈற்றன்ஸில எடுப்பித்த சனம் இருக்கு. மரம் ரயிலில் வந்து இறங்கும், கமக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவினம். வேலையால வரும்போது நான் சாப்பாடு வாங்குற சிற்றி பிளேஸ் கட்டிடம், ஒரு காலத்தில் அந்த ஓடர்களைப் பொதி செய்து அனுப்பின ஈற்றன்ஸ் களஞ்சியம். அதை எனக்குச் சொன்னதும் அந்தப் பாட்டிதான்.

மொன்றியலிலிருந்து:

அமெரிக்காவில் சியர்ஸ் தன் பெரிய கற்றலொக்கை 1993இலேயே நிற்பாட்டிவிட்டது. கனடாவில் அதுக்குப் பிறகும் கனகாலம் வந்துகொண்டிருந்தது. 2018 ஜனவரியோட கடைகளும் பூட்டுப்பட்டுது. பழைய கனடியக் கற்றலொக்குகள் கொஞ்சத்தைத் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் ஸ்கான் செய்து வைத்திருக்கினம், போய்ப் பாருங்கோ. உடுப்புப் பக்கத்தை விட்டுவிட்டுக் குதிரைச் சேணம், பால் கடையிற இயந்திரம் இருக்கிற பக்கங்களுக்கு நேரே போங்கோ, நேரம் போறதே தெரியாது.

ஒரு உதவி. 1990ஐ ஒட்டின விஷ் புக் ஆரிட்டயாவது பேஸ்மென்ற்றில் கிடந்தால் ரீசைக்கிளிங்கில் போட்டுவிடாதேங்கோ. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தபால் செலவு நான் தாறன்.