புதுப்பிப்பு: மகனின் காறை எலும்பு முறிவும் அந்தப் புடைப்பும்

ரங்கூனில் பந்தாடி விழுந்து மகனுக்குக் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு) முறிந்தது, இரவில் தூங்க மாட்டேன் என்கிறான் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கையைத் தாங்க கழுத்தில் மாட்டும் ஸ்லிங் என்ற துணிப்பட்டையே போதும் என்றார் மருத்துவர். தூக்கத்துக்குக் கைகொடுத்தது மோல்மேன் ஊரிலிருந்து பதில் எழுதிய அக்கா சொன்ன வழி: முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தாற்போல் படுக்க வைப்பது. அடிபட்ட கையை முதலில் சட்டைக்குள் நுழைப்பதும் அவர் சொன்னதுதான்.

எதிர்பாராதது, வலி போன பிறகு எலும்பின் மேல் தென்பட்ட நெல்லிக்காய் அளவுப் புடைப்பு. மறுபடி முறிந்துவிட்டதோ என்று பதறிப்போனோம். புது எலும்பு கூடும் இடம்தானாம். அமுங்க மாதக்கணக்கில் ஆகும். வலியில்லாமல் கையைத் தூக்கினாலும் உள்ளே முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது, விழுந்தால் அதே இடத்தில் மறுபடி முறியலாம். அதனால் பந்து, சைக்கிள், மரமேறுதல் எல்லாவற்றுக்கும் இன்னும் சில வாரம் தடை. அப்புறம் என்ன, பையன் என்னோடு பேசுவதில்லை.