ஃபென்டனில் (போதை வகை வலி ஊசி மருந்து) கணக்கு இடிக்குதுன்னு எழுதிக் கொடுத்த இன்சார்ஜ் மேலேயே கவுன்சில் புகார். விளக்கம் எப்படி எழுதணும்?

பாலக்கோடு_சிஸ்டர்:
தருமபுரி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியு. ஒரு ஸ்டாஃப் நர்ஸோட மூணு நைட் டியூட்டியில ஃபென்டனில் கணக்கு ஒத்துப்போகலைன்னு, இன்சார்ஜ் நர்ஸா இருக்கற நான் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப அந்த ஸ்டாஃப் நர்ஸ், "இன்சார்ஜ் பழிவாங்குறாங்க, ரெஜிஸ்டரை அவங்களே திருத்துனாங்க"ன்னு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்காங்க. விளக்கம் கேட்டு லெட்டர் வந்திருக்கு. என் நர்ஸ் பதிவு போயிடுமா? என்னென்ன காகிதம் வைக்கணும்?

வார்டு_ரெஜிஸ்டர்:
சிஸ்டர், புகார் போன உடனே பதிவு ரத்தாகாது. லெட்டரோட புகார் நகல் இல்லைன்னா முதல்ல அதைக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல எழுதுங்க. எதுக்குப் பதில் சொல்றோம்னு தெரியாம ஒரு வரி கூட எழுதக் கூடாது.

இந்த வழக்கே கணக்குலதான் நிக்குது. 2 மி.லி. ஆம்பூல்ல (கண்ணாடி மருந்துக் குப்பி) 100 மைக்ரோகிராம் இருக்கு. டாக்டர் ஆர்டர் 50 மைக்ரோகிராம்னா 1 மி.லி. மிச்சம். அதைக் கொட்டினதுக்கு வேஸ்டேஜ் கட்டத்துல ரெண்டு பேர் கையெழுத்து வேணும். அந்தக் கட்டம் காலியா இருந்தா 50 மைக்ரோகிராமுக்குக் கணக்கில்லை, அவ்வளவுதான் நீங்க சொல்ல வேண்டியது. டாக்டர் ஆர்டர், மருந்து சார்ட், போதை மருந்து ரெஜிஸ்டர், ஃபார்மசிக்குத் திரும்பின காலி ஆம்பூல் எண்ணிக்கை, இந்த நாலையும் தேதி வாரியா ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல போடுங்க. அலமாரிச் சாவி அந்த நேரம் யார்கிட்ட இருந்ததுன்னு ஹேண்டோவர் புக் சொல்லும், அதையும் சேருங்க.

"திருடினார்"னு எங்கேயும் எழுதாதீங்க. "இரவு 2.10க்கு 1 ஆம்பூல் எடுத்ததாகப் பதிவு உள்ளது, சார்ட்டில் கொடுத்ததாகப் பதிவு இல்லை"ன்னு எழுதுங்க. முதல் ரிப்போர்ட்லயே "திருட்டு"ன்னு எழுதுறதாலதான் பல இன்சார்ஜுங்க மாட்டிக்கிறாங்க. எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கும், கணக்கு பின்னால போயிடும்.

ரெஜிஸ்டர் திருத்துனதா குற்றச்சாட்டு இருக்கறதால இனிமே அதுல பேனா வைக்காதீங்க. மூலப் பிரதியை சீல் வைச்சு நிர்வாகம் எடுத்துக்கணும், வார்டுக்குப் புது ரெஜிஸ்டர் தரணும்னு எழுதிக் கேளுங்க. சிசிடிவி பதிவு சில வாரத்துல தானா அழிஞ்சிடும், அதையும் இன்னிக்கே கேளுங்க. ரெண்டு லெட்டருக்கும் தேதியோட ஒப்புகை முத்திரை வாங்காம வராதீங்க.

ஊத்தங்கரை_கிளார்க்:
அரசு மருத்துவமனையில இருக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். கவுன்சில் புகார் வேற, துறை நடவடிக்கை வேற. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகள்ல 17(அ) சின்ன தண்டனைக்கு, 17(ஆ) பெரிய தண்டனைக்கு. 17(ஆ) மெமோ வந்தா, வாய்மொழி விசாரணை வேணும்னு விளக்கத்துலயே தெளிவா எழுதணும். புகார் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை பண்ற இடம் அதுதான். நேர்ல பேசினா போதும்னு எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க.

கிருஷ்ணகிரி_வக்கீல்:
அவதூறு வழக்கு போடுவேன்னு மிரட்டினா பயப்படாதீங்க மேடம். பாரதிய நியாய சன்ஹிதா (புது தண்டனைச் சட்டம்) 356ஆம் பிரிவுலயே, நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவர்கிட்ட நல்லெண்ணத்தோட சொல்ற குற்றச்சாட்டுக்கு விதிவிலக்கு இருக்கு. ஆனா அதையே வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அந்தப் பாதுகாப்பு நிக்காது. நோயாளி சார்ட்டை சொந்த போன்ல படம் எடுக்கறதும் வேண்டாம், அது உங்க மேலயே ரெண்டாவது புகாராகும். நகல் வேணும்னா நிர்வாகத்துகிட்ட எழுதியே வாங்குங்க.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. விளக்கம் அனுப்புறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை காட்டிடுங்க.

பாலக்கோடு_சிஸ்டர்:
ரொம்ப நன்றிங்க. அந்த ஸ்டாஃபை நைட்ல இருந்து பகலுக்கு மாத்தலாமா?

வார்டு_ரெஜிஸ்டர்:
நீங்க மாத்தாதீங்க. பழிவாங்கல்னு அவங்க சொல்றதுக்கு அதுவே சாட்சியாயிடும். நோயாளி பாதுகாப்புக்காக மாத்தணும்னு நிர்வாகத்துக்கு எழுதுங்க, ஆர்டர் அவங்க கையெழுத்துல வரட்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் ரெண்டு பேர் சேர்ந்து ஆம்பூல் எண்ணிக் கையெழுத்துப் போடணும், எல்லா ஸ்டாஃபுக்கும் ஒரே மாதிரி. இன்னொண்ணு, கவுன்சில்ல உங்க முகவரி இன்னும் படிச்ச காலேஜ் ஹாஸ்டலாவே இருக்கான்னு பாருங்க. அடுத்த நோட்டீஸ் அங்க போனா கெடு உங்களுக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்.